முதல் ஓட்டு: பூத்துக்கு எந்த அட்டையோடு போவது, அது இல்லாவிட்டால் என்ன செய்வது

வாக்காளர் அட்டை கையில் இருந்தால் போதும், ஓட்டுப் போட்டுவிடலாம் என்றுதான் முதன்முறை வாக்களிக்கப் போகும் பலரும் நினைக்கிறார்கள். அட்டையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்று, உள்ளே போனதும் “உங்க பேரு லிஸ்ட்லயே இல்லையேம்மா” என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. இன்னொரு பக்கம், அட்டை தொலைந்துவிட்டது, இந்த முறை ஓட்டு இல்லை என்று வீட்டோடு இருந்துவிடுகிறவர்கள். ஆதாரையோ டிரைவிங் லைசென்ஸையோ எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போட்டிருப்பார்கள்.

இரண்டு இழப்பும் ஒரே குழப்பத்தில் பிறப்பவை. உங்கள் ஓட்டுரிமை இருப்பது வாக்காளர் பட்டியலில். அந்தப் பட்டியலில் உள்ள பெயருக்கு உரியவர் நீங்கள்தான் என்று காட்டுவதற்குத்தான் அட்டை. ரயிலில் டிடிஇ கையில் உள்ள சார்ட்டில் பெயர் இருந்தால்தானே நம் ஐடி கார்டுக்கு வேலை? இதுவும் அப்படித்தான். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆவது பிரிவும் பட்டியலில் பெயர் உள்ளவருக்கே வாக்களிக்கும் உரிமை என்கிறது.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறவர்களுக்கானது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்கான ஆவண அறிவிப்பை அந்த ஆணையம் தனியே வெளியிடும்.

பட்டியலில் பெயர் இருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். தேர்தல் தேதி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடலாம். எண் தெரியாவிட்டால் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, மாவட்டம் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். இணையம் கைவராதவர்கள் 1950 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். அதையும்விட நல்ல வழி, உங்கள் பகுதிக்கான வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பார்ப்பது. பிஎல்ஓ என்பார்களே, அவர்தான். பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். பட்டியல் அவரிடம் இருக்கும். எந்தப் படிவம் எழுத வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் இதை இப்போது அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 4 அன்று இங்கே வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட கணக்கெடுப்புப் படிவத்தை எழுதித் திருப்பிக் கொடுத்தவர்களின் பெயர்களைக் கொண்டே வரைவுப் பட்டியல் தயாரானது. டிசம்பர் 19 அன்று வெளியான அந்த வரைவில் முன்பு இருந்தவற்றில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. போன தேர்தலில் அம்மாவும் அப்பாவும் ஓட்டுப் போட்டார்கள் என்பதால் இந்த முறையும் அவர்கள் பெயர் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் பெயரைத் தேடும்போதே வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் தேடிவிடுங்கள். வாடகை வீடு மாறியவர்களும் வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெயர் கிடைத்ததும் மூன்று விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: வாக்குச்சாவடி இருக்கும் இடம், பாகம் எண், அந்தப் பாகத்தில் உங்கள் வரிசை எண். பூத்துக்குள் உங்களைக் கண்டுபிடிப்பது இந்த எண்களைக் கொண்டுதான். ஒரே பள்ளிக்கூடத்தில் நான்கைந்து பூத் இருக்கும்; பாகம் எண் தெரியாமல் போனால் தவறான வரிசையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு அடுத்த வரிசைக்குப் போக வேண்டிவரும்.

பெயர் இல்லையா? படிவம் 6. இணையதளத்திலும் கொடுக்கலாம், பிஎல்ஓவிடமும் கொடுக்கலாம். வயதுக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற ஒரே கணக்குதான். 2022 ஆகஸ்ட்டிலிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 18 நிறையும் காலாண்டில் பெயர் சேரும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கல்லூரிச் சேர்க்கை அலைச்சலோடு இதையும் முடித்துவிடுவது நல்லது.

கடைசி நாள் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடப்படும். அதற்குப் பிறகு சேர்க்க முடியாது. விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும் ஆட்சேபணை கேட்கவும் அவகாசம் வேண்டும் என்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஓட்டுப்பதிவு நாளன்று சேர்ப்பது என்ற பேச்சே இல்லை.

ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்கள் சொந்த ஊரில் ஓட்டை வைத்துக்கொள்ளலாம், படிக்கும் ஊருக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் அதைத் தடுக்கிறது, தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் தண்டனையும் உண்டு. மாற்றுவதற்கு உரியது படிவம் 8. முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம், தொலைந்த அட்டைக்குப் பதில் புது அட்டை என எல்லாவற்றுக்கும் இப்போது அந்த ஒரே படிவம்தான்.

எந்த ஆவணம் செல்லும்?

பெயர் இருக்கிறது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. இனி அடையாளம்.

முதலிடம் வாக்காளர் புகைப்பட அடையாள அட்டைக்கு. 1993-இல், டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது பிறந்த உத்தரவு இது. மதுரையில் கலெக்டராக இருந்தவர் அவர். அதற்கு முன்பு பூத்தில் வந்து நிற்பவர் யார் என்பதை உள்ளூர்க்காரர்களும் கட்சி ஏஜென்ட்டுகளும் முகம் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. கள்ள ஓட்டுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே அளவில் ஒரு புகைப்பட அட்டை இருக்க வேண்டும் என்று அன்று எடுத்த முடிவு, முகம் தெரியாத பெருநகரங்களில் வாழும் இன்றைய வாக்காளருக்கு இன்னும் அதிகமாகவே பயன்படுகிறது என்பது என் எண்ணம்.

அட்டை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆணையம் மாற்று ஆவணங்களின் பட்டியலை அறிவிக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு அறிவித்தது 12 ஆவணங்கள். பெரும்பாலானவர்களிடம் இருப்பவை ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், இந்தியப் பாஸ்போர்ட் ஆகிய நான்கும். கிராமங்களில் அதிகம் உதவுபவை நூறு நாள் வேலை அட்டையும், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக்கும். போட்டோ உள்ள ஓய்வூதிய ஆவணமும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் செல்லும். மத்திய, மாநில அரசு ஊழியர்களும், பொதுத்துறை நிறுவனங்களிலும் பப்ளிக் லிமிடெட் கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்களும் போட்டோவுடன் கூடிய பணி அடையாள அட்டையைக் காட்டலாம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தில் கொடுத்த மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டு, எம்.பி., எம்.எல்.ஏ., எம்.எல்.சி.களின் அதிகாரபூர்வ அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கீழ் தலைமைப் பதிவாளர் வழங்கிய ஸ்மார்ட் கார்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால் பன்னிரண்டு. இந்தக் கடைசி அட்டையைப் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குக் கொடுத்தது. மீனவக் குடும்பங்களில் அது பெட்டிக்குள் கிடக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

பட்டியல் தேர்தலுக்குத் தேர்தல் சிறிது மாறக்கூடியது என்பதால், உங்கள் தேர்தலுக்கான அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். செய்தித்தாள்களில் ஓட்டுப்பதிவுக்கு முந்தைய வாரத்தில் கட்டாயம் வரும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு படிவம் 6ஏ வழியாகப் பெயர் சேர்த்தவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும்.

எது செல்லாது?

பூத் வாசலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ரேஷன் கார்டோடு வரும் பாட்டிகளை. நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் நீட்டிப் பழகிய அட்டை அது. ஸ்மார்ட் கார்டாக மாறிய பிறகு அதில் போட்டோவும் இருக்கிறது. ஆனால் ஆணையத்தின் பட்டியலில் அது இல்லை. அது குடும்பத்துக்கான அட்டை, ஒரு தனி ஆளை அடையாளம் காட்டுவதற்கானது இல்லை என்பது நியாயமான காரணம்தான். அந்த நியாயத்தை வரிசையில் நின்று களைத்துப்போன பாட்டியிடம் வாசலில் சொல்வதைவிட, வீட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் முந்தின நாளே ஆதாரை எடுத்து அவர் சுருக்குப் பைக்குள் வைத்துவிடலாம்.

கல்லூரி அடையாள அட்டையும் பட்டியலில் இல்லை. முதன்முறை வாக்காளர்கள் கழுத்தில் தொங்குவதை நம்பி வந்துவிடுகிறார்கள். தனியார் நிறுவன அட்டைகளில் பப்ளிக் லிமிடெட் கம்பெனிகளின் அட்டை மட்டுமே அறிவிப்பில் வருகிறது. பிரைவேட் லிமிடெட் அட்டையை நம்ப வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையும் அப்படியே, பட்டியல் சொல்வது மத்தியத் தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் அட்டையைத்தான்.

அடுத்தது பூத் சிலிப். வீட்டுக்கு வந்து கொடுக்கிறார்களே, வாக்காளர் தகவல் சீட்டு, அதை அடையாள ஆவணமாகக் காட்ட முடியாது. ஒரு காலத்தில் போட்டோவுடன் வந்த சீட்டை ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சீட்டில் பாதுகாப்பு அம்சம் எதுவும் இல்லை, தவறாகப் பயன்படுத்தலாம் என்ற புகார்கள் எழுந்ததால் 2019 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு ஆணையம் அதை நிறுத்திவிட்டது. சிலிப்பைக் கொண்டுபோவதால் உங்கள் எண்ணைச் சட்டென்று கண்டுபிடிப்பார்கள், அவ்வளவுதான். சிலிப் வரவே இல்லை என்றாலும் ஓட்டு இருக்கிறது. எண்ணைக் குறித்து வைத்திருந்தால் போதும்.

போனில் இருக்கும் ஆதார், டிஜிலாக்கர், 2021 ஜனவரியில் அறிமுகமான இ-எபிக் என்ற மின்னணு வாக்காளர் அட்டை இவற்றைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வாக்குச்சாவடிக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் போனை அணைத்து ஒப்படைத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டை ஆணையம் 2025-இல் அறிவித்தது. ஆக, போனை வெளியே கொடுத்துவிட்டால் அதற்குள் இருக்கும் அட்டையை யாருக்குக் காட்டுவது? இ-எபிக் இருந்தால் அச்செடுத்து லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆவணங்களில் அசலையே எடுத்துப் போங்கள், ஜெராக்ஸை நம்பிப் போக வேண்டாம்.

பெயர் ஒரு மாதிரி, அட்டை ஒரு மாதிரி

தமிழ்நாட்டில் அதிகம் பேரைப் பயமுறுத்துவது இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வாக்காளர் பட்டியலில் “கலைச்செல்வி”, தந்தை “முருகேசன்” என்று இருக்கும். ஆதாரில் “எம். கலைச்செல்வி”, பாஸ்போர்ட்டில் “முருகேசன் கலைச்செல்வி”, வங்கிப் பாஸ்புக்கில் “கலைசெல்வி” என்று ஒற்று விட்டுப்போயிருக்கும். கல்யாணமான பெண்களுக்கு ஓர் இடத்தில் தந்தை பெயர், இன்னோர் இடத்தில் கணவர் பெயர். வயதில் ஓரிரண்டு வருடம் முன்னே பின்னே. இதையெல்லாம் பார்த்து ஓட்டு மறுத்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம்.

1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளே தெளிவாகச் சொல்கின்றன: வந்திருப்பவர் அந்த வாக்காளர்தான் என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால், பட்டியல் பதிவில் உள்ள எழுத்துப் பிழை, அச்சுப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது. வாக்காளர் அட்டையில் உள்ள சிறு பிழைகளுக்கும் ஆணையம் இதையே சொல்கிறது. யாராவது எழுத்துப் பிழையைக் காட்டி நிறுத்தினால், குரலை உயர்த்தாமல் “தலைமை அலுவலரைப் பார்க்கணும்” என்று கேளுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்குத்தான்.

வேறு தொகுதியில் இருந்தபோது வாங்கிய பழைய அட்டையை வைத்திருக்கிறீர்களா? அதுவும் செல்லும். இப்போதைய பூத்தின் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் போதும். அட்டையில் உள்ள முகவரி பழையதாக இருப்பது தடை இல்லை.

அட்டையில் இருக்கும் போட்டோ அடையாளம் தெரியாத அளவுக்கு மங்கியிருந்தாலோ, வேறொருவர் படம் அச்சாகியிருந்தாலோ மட்டும் அந்த அட்டை பயன்படாது. அப்போது மாற்று ஆவணம் ஒன்றைக் காட்டச் சொல்வார்கள். ஆகவே என் யோசனை: வாக்காளர் அட்டை இருந்தாலும் கூடவே ஆதாரையும் எடுத்துப் போங்கள். கையில் இரண்டு ஆவணம் இருந்தால் வாக்குவாதத்துக்கே இடமில்லை.

ஆதாரை வாக்காளர் அட்டையோடு இணைக்கவில்லை, அதனால் ஓட்டுப் போட விட மாட்டார்கள் என்பதும் உண்மை இல்லை. அந்த விவரத்தைக் கொடுப்பது அவரவர் விருப்பம்.

ஓட்டுப்பதிவு நாளன்று

நேரம் பொதுவாகக் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. காலையிலேயே போவது நல்லது. வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை; ஆவணத்தில் ஏதாவது சிக்கல் என்றால் வீட்டுக்குப் போய் வேறொன்றை எடுத்து வர நேரம் இருக்கும். மாலையில் தாமதமானாலும் முடிவு நேரத்துக்குள் வரிசையில் சேர்ந்துவிட்டால் உங்களுக்கு ஓட்டு உண்டு. அந்த நேரத்தில் வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கிச் சீட்டுக் கொடுத்து வருவார்கள். அதை வாங்கிக்கொண்டு நில்லுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு அதை உறுதி செய்கிறது.

வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடமும் வரிசை எண் கேட்கலாம், எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டு வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும், சின்னமோ கட்சிப் பெயரோ வேட்பாளர் பெயரோ இருக்கக் கூடாது. சின்னம் அச்சிட்ட சீட்டை யாராவது கொடுத்தால் அதை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

உள்ளே போனதும் முதல் அலுவலர். அவர் முன்னால் போட்டோக்களுடன் கூடிய பட்டியல் விரிந்திருக்கும். நீங்கள் எண்ணைச் சொல்லி அட்டையை நீட்டுவீர்கள். விரலால் பக்கத்தைத் தடவி உங்கள் கட்டத்தைக் கண்டுபிடித்து, பட்டியல் படத்தையும் அட்டைப் படத்தையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். பிறகு “நானூத்திப் பன்னெண்டு... கலைச்செல்வி” என்று உரக்கப் படிப்பார். முதன்முறை போகிறவர்களுக்கு எல்லோர் முன்னிலும் பெயரைக் கூப்பிடுவது கூச்சமாக இருக்கும். அவர் படிப்பது அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்ட்டுகளின் காதில் விழுவதற்காக. அவர்கள் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். ஆட்சேபணை இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். உங்கள் பெயரில் வேறொருவர் வந்து நிற்க முடியாமல் காப்பதும் அதே உரத்த குரல்தான்.

முகத்தை மூடி உடை அணியும் பெண்களை அடையாளம் பார்ப்பது பெண் அலுவலர், மறைவான இடத்தில். ஆண்கள் முன்னால் முகத்தைக் காட்டச் சொன்னால் மறுத்துப் பெண் அலுவலரைக் கேட்கலாம்.

இரண்டாவது அலுவலர் இடது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துவிட்டு மை வைப்பார். நகத்தின் மேல் நுனியிலிருந்து முதல் கணு வரை நீளமாக ஒரு கோடு. வெள்ளி நைட்ரேட் கலந்த இந்த மையை 1962 பொதுத்தேர்தல் காலத்திலிருந்து தயாரித்து வருவது கர்நாடக அரசின் மைசூரு பெயின்ட்ஸ் நிறுவனம். விரலைக் காட்ட மறுத்தாலோ ஏற்கெனவே மை இருந்தாலோ ஓட்டுக் கிடையாது. அதே மேசையில் 17ஏ என்ற பதிவேட்டில் கையெழுத்துப் போடுவீர்கள், அல்லது கைநாட்டு. அதில் என்ன ஆவணம் காட்டினீர்கள் என்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. வாக்காளர் அட்டை என்றால் ஆங்கிலத்தில் “இபி” என்று இரண்டே எழுத்து. மாற்று ஆவணம் என்றால் அதன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எழுதுவார்கள். முழு ஆதார் எண்ணையும் யாராவது எழுதிக்கொண்டால் கடைசி நான்கு போதும் என்று சொல்லுங்கள்.

அங்கே தரும் சிறு சீட்டை மூன்றாவது அலுவலரிடம் கொடுத்தால் அவர் இயந்திரத்தைத் திறந்துவிடுவார். மறைவுக்குள் போய்ப் பொத்தானை அழுத்துங்கள். விவிபேட் எனும் ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தின் கண்ணாடிக்குள் நீங்கள் தேர்ந்த சின்னம் 7 விநாடி தெரியும். நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சிக்கல் வந்தால்

வாக்குச்சாவடியில் வைத்திருக்கும் இன்னொரு பட்டியலில் உங்கள் பெயர் இருக்கலாம்: வீட்டில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள், இறந்தவர்கள் என்று பிஎல்ஓ கணக்கெடுத்தது. அதில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக ஓட்டுப் போய்விடாது. தலைமை அலுவலரே உங்கள் ஆவணத்தைச் சரிபார்ப்பார், கையெழுத்தோடு கைரேகையும் வாங்குவார்கள், உறுதிமொழி எழுதச் சொல்வார்கள். பொறுமையாகக் கொடுத்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

ஏஜென்ட் ஒருவர் “இவர் அந்த ஆள் இல்லை” என்று ஆட்சேபித்தால் அதற்குச் சவால் வாக்கு என்று பெயர். தேர்தல் நடத்தை விதிகளில் 49ஜே. ஆட்சேபிப்பவர் 2 ரூபாய் கட்ட வேண்டும், தன் குற்றச்சாட்டுக்கு ஆதாரமும் அவரே காட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார். நிரூபிக்க முடியாவிட்டால் நீங்கள் வழக்கம்போல் இயந்திரத்தில் ஓட்டுப் போடலாம். பதற்றப்பட வேண்டாம், கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நீங்கள் போவதற்குள் உங்கள் பெயரில் யாரோ ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தால்? கேட்டதும் வயிறு எரியும், ஆனால் திரும்பி வந்துவிடாதீர்கள். விதி 49பி-யின்படி டெண்டர் ஓட்டுக் கேளுங்கள். அடையாளம் பற்றிய கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் இயந்திரத்துக்குப் பதிலாகக் காகித வாக்குச்சீட்டுத் தருவார்கள். 17பி பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சீட்டில் குறியிட்டுக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் இது சேராது; வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து வழக்கு நடந்தால் நீதிமன்ற உத்தரவின் பேரில் எண்ணப்படும். அப்படியானால் எதற்கு என்று தோன்றலாம். உங்கள் பெயரில் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்குப் பதிவு அதுதான். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நடந்ததே தெரியாமல் போய்விடும். ஆள்மாறாட்டம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 174-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

தேர்தல் தோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி 49ஏ-யின்படி சேலஞ்ச் ஓட்டுப் போடலாம் என்றும், டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பூத்தில் மறு வாக்குப்பதிவு என்றும் அதில் இருக்கும். இரண்டுமே பொய். 49ஏ இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றிய விதி. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டு இல்லை. 14 சதவீதம் என்ற கணக்கு எந்த விதியிலும் கிடையாது. இந்தச் செய்தியை நம்பிப் பெயரைச் சரிபார்க்காமல் விட்டவர்கள்தான் பாதிக்கப்படுகிறார்கள் என்பதால், உங்களுக்கு வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

வரிசையில் நிற்க முடியாதவர்கள்

வீட்டில் 85 வயதைத் தாண்டியவர்களோ, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளோ இருந்தால் வீட்டிலிருந்தே தபால் வாக்களிக்கலாம். 12டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பிஎல்ஓ வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். அலுவலர்கள் வீட்டுக்கு வரும்போதும் அடையாள ஆவணம் பார்ப்பார்கள், ஆகவே தாத்தா பாட்டியின் அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். பார்வையற்றவர்களும் தாமாகப் பொத்தான் அழுத்த முடியாதவர்களும் பூத்துக்கு வந்தால் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். ஒருவர் ஒரு நாளில் ஒரு வாக்காளருக்கு மட்டுமே துணையாகப் போக முடியும் என்பதால், இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் கூடப் போங்கள்.

அட்டையில் பெயர், வயது, படம் ஏதாவது பிழையாக இருந்து பூத்தில் உங்களை நிறுத்தி விசாரித்திருந்தால், தேர்தல் முடிந்த கையோடு படிவம் 8 கொடுத்துவிடுங்கள். பட்டியல் மறுபடி திறந்துவிடும், பிஎல்ஓவுக்கும் நெருக்கடி இல்லாத நேரம் அது.